விசிறி மாமாவின் ஆங்கில வகுப்பு

தையற்கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் ஆங்கிலம் கற்பித்து வந்த மாமாவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் விசிறி. வாயைவிட அவருக்குக் கைதான் அதிகம் பேசும். புட் ஆஃப் என்பார். வலக்கை காற்றைத் தள்ளும். கால் ஆஃப் என்பார். அதே கை, அதே காற்றை, அதே பக்கம் தள்ளும். பொருள் கேட்டால், "கையைப் பாரு, புரியும்" என்பார். பார்த்தார்கள், தலையாட்டினார்கள். புரியவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவருடைய அக்கா மகளும் ஓராண்டு தலையாட்டினாள். சொந்தம் என்று அவர் கட்டணத்தைக் குறைக்கவுமில்லை, விளக்கத்தைக் கூட்டவுமில்லை. "உனக்கென்னம்மா, எந்த ஆபீஸுக்கும் போகலாம்" என்ற அவர் வாக்கை நம்பி, கீழே தையற்கடையில் பொத்தான் துளை தைக்கும் காஜா வேலையை விட்டுவிட்டு, ஒரு பயண நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கச் சேர்ந்தாள். முதல் வாரம் சோதனை. தேறினால்தான் வேலை.

வாரம் முடியுமுன் ஒரு வாடிக்கையாளர் தம் குடும்பப் பயணத்தை புட் ஆஃப் செய்யச் சொன்னார். தொலைபேசியில் கை தெரியாது. கண்ணை மூடி மாமாவின் கையை நினைத்தாள். அது காற்றைத் தள்ளியது. பயணத்தையே ரத்து செய்தாள். மறுநாள் அவர் புதுத் தேதி கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. புட் ஆஃபுக்கும் கால் ஆஃபுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிவிட்டே மேலாளர் அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

மாமா அசரவில்லை. "அந்த ஆளோட உச்சரிப்பு சரியில்ல" என்றார். அதோடு நில்லாமல், வேலை பெற்ற மாணவி என்று அவள் படத்தை வகுப்பு வாசலில் மாட்டினார்.

அவள் படியேறினாள். வகுப்பு நிறைந்திருந்தது.

"மாமா, ஒரு சந்தேகம். புட் ஆஃபுக்கும் கால் ஆஃபுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதெல்லாம் ஒரு சந்தேகமா? இங்க பாரு." வலக்கை எழுந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கை வேணாம் மாமா. போன்ல பேசுற மாதிரி வாயால சொல்லுங்க."

இடக்கை எழுந்தது. அதையும் பிடித்தாள்.

"விடுங்கக்கா, பாவம். கையைப் பிடிச்சா அவருக்குப் பேச்சு வராது" என்றது கடைசி பெஞ்சு.

"தொண்டை கட்டியிருக்கு" என்றார் மாமா.

"அப்ப நானே சொல்றேன். புட் ஆஃப்னா இன்னிக்கு இல்ல, பின்னால வச்சுக்கலாம். கால் ஆஃப்னா அடியோட கிடையாது. இதைக் கத்துக்க எனக்கு ரெண்டு வேலை போச்சு."

கைகளை விட்டாள். வாசலில் தன் படத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு வகுப்பு போதும், கிளம்புங்க" என்றார் மாமா.

"புட் ஆஃபா சார், கால் ஆஃபா?" என்றது அதே பெஞ்சு.

மாமாவின் வலக்கை தானாக எழுந்து காற்றைத் தள்ளியது.