பட்டியலில் இல்லாத 612

குல்சுமுக்குப் பாலகணேஷைப் பிடிக்காது. பாலகணேஷுக்குக் குல்சுமைக் கண்டாலே ஆகாது. மேலாளர் விஜயராகவனுக்கு இருவரையுமே பிடிக்காது. ஆனால் பாலகணேஷ் எழுதும் கம்ப்யூட்டர் கோடு விற்றது; குல்சும் கண்டுபிடிக்கும் பிழை தாமதப்படுத்தியது. அதனால் திட்டு எப்போதும் அவளுக்குத்தான்.

உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அவர்கள் அலுவலகம். தி.நகர் ஜவுளிக் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். மீர்சாகிப்பேட்டையிலிருந்து ஒன்பது வருடமாக வந்துபோகும் குல்சும் அங்கே டெஸ்டர். கோடில் ஒரு வரி மாறினாலும், வேறெங்கும் எதுவும் உடையவில்லை என்று ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் ஆயிரத்து இருநூறு டெஸ்டுகள். எல்லாவற்றையும் ஓட்ட இரண்டு நாளாகும். இரண்டு நாள் யார் தருகிறார்கள்? எதை ஓட்டுவது, எதை விடுவது என்று பொறுக்குவதுதான் அவள் வேலையே.

ஆடி விற்பனையில் ஒரு பிழை அவள் பொறுக்கலில் தப்பிவிட்டது. மறுவாரமே பாலகணேஷ் ஒரு டூல் எழுதினான். மாறிய கோடு எந்தெந்த டெஸ்டைத் தொடுகிறதோ அதை மட்டும் அது பட்டியல் போடும். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ ஆத்துலயே இருந்துக்கலாம்" என்று விஜயராகவன் அவளிடம் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. நாற்பத்து மூன்று டெஸ்டுகள். மூன்று மணிக்குப் புது மென்பொருள் கடைக்குப் போக வேண்டும்.

மாற்றம் சின்னதுதான். ஐந்து மாடிப் புடவைக் கடையில் வாடிக்கையாளர் டோக்கன் எண் ஒரே வரிசையில் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டும். மைக்கில் கூப்பிட்டு வாய் வலிக்கிறது என்றது கடை. இனி ஒவ்வொரு மாடியிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். அந்தந்த மாடியிலேயே டெலிவரி என்பதால் குழப்பமில்லை.

குல்சும் பட்டியலைப் படித்தாள். "612-வது டெஸ்ட் எங்க?"

"அது புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற கவுண்டர். அந்த ப்ரோக்ராம் தனி. டோக்கன் கோடுக்கும் அதுக்கும் ஒட்டே இல்ல. டூல் சொல்லுது" என்றான் பாலகணேஷ்.

"கோட்ல இல்ல பாலா. பேப்பர்ல கீது. எல்லா மாடிப் புடவையும் நாலாவது மாடில ஒரே ஃபால்ஸ் கவுண்டருக்குத்தான் வருது. அங்க அஸ்மத்துன்னிசான்னு ஒரு அம்மா, டோக்கனைப் பாதியா கிழிச்சு புடவைல குத்திட்டு, அந்த நம்பரத்தான் மெஷின்ல தட்டும். ரம்ஜானுக்கு ரெண்டு மணி நேரம் நின்னுகினு பாத்தேன்."

"புடவை வாங்கப் போனதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸா மேடம்?"

விஜயராகவன் அறையிலிருந்தே கத்தினார். "இத பாரும்மா, டூல் நாப்பத்து மூணுன்னா நாப்பத்து மூணு. நீ பொறுக்கின லட்சணத்தத்தான் ஆடியில பாத்தோமே!"

612-ஐ ஓட்ட டோக்கனை அச்சடித்து, கையால் எண்ணைத் தட்ட வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குப் பட்டியலில் ஆறு டெஸ்டையாவது கைவிட வேண்டும். விட்டதில் ஏதாவது உடைந்தாலோ, 612 ஒழுங்காக ஓடிவிட்டாலோ, அவள் வேலை போயிற்று. திரையின் நிறம், எழுத்தின் அளவு என்று பாலகணேஷ் ஆசையாக எழுதியிருந்த ஆறு டெஸ்டுகளை ஒதுக்கினாள்.

தரைத்தள டோக்கன் பதினேழு. தட்டினாள். இரண்டாம் மாடி டோக்கன் பதினேழு. அதையும் தட்டினாள். இயந்திரம் முனகக்கூட இல்லை. முதல் புடவையின் பதிவை அழித்துவிட்டு இரண்டாவதை வாங்கிக்கொண்டது.

இரண்டு டோக்கன்களையும் விஜயராகவன் மேசையில் வைத்தாள்.

பின்னாலேயே வந்த பாலகணேஷ், "இது என் கோடே இல்ல சார். ஃபால்ஸ் ப்ரோக்ராம் பழசு" என்றான்.

"முகூர்த்தப் புடவையத் தொலைச்சிட்டு நிக்கிறவங்க கிட்ட போய்ச் சொல்லு, பழசுன்னு" என்றாள் குல்சும்.

விஜயராகவன் டோக்கனைப் பார்க்கவில்லை. அவர் கண் திரையில் இருந்தது. "லிஸ்ட்ல ஆறு ஓடலையே. யாரைக் கேட்டே?"

"யாரையும் கேக்கல சார்."

"லிஸ்ட்ல இல்லாததுக்கு ரிசல்ட் எதுக்கு? அத எடுத்துடு. அந்த ஆறையும் ஓட்டிட்டு அனுப்பு. மத்தது திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"அனுப்புங்க சார். சோதித்தவர்ங்கிற இடத்துல உங்க பேரைப் போட்டுக்கங்க."

அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஒன்பது வருடத்தில் அது காலியாக இருந்து அவர் பார்த்ததில்லை. தன் பெயரை அவர் அதில் போடவில்லை. பிறகு கடைக்குப் போன் போட்டு, "இன்னும் பெட்டரா பண்ணிண்டிருக்கோம் சார், புதன்கிழமை தந்துடறோம்" என்று தேனாகப் பேசினார்.

நீ சொன்னது சரி என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம், ஆறு டெஸ்டை ஓட்டாததற்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. வேலை இருந்தது.

புதன்கிழமைப் பட்டியலில் நாற்பத்து நான்கு டெஸ்டுகள். கடைசியில் 612. எதற்காகச் சேர்த்தது என்ற இடத்தில் பாலகணேஷ் எழுதியிருந்தான்: 'மேடத்தின் பிடிவாதம்.'

குல்சும் அதை அழிக்கவில்லை. பிரிண்டரில் டோக்கன் காகிதத்தை மாட்டினாள்.