பாட்டு செத்துப்போச்சு என்றாள் அக்கா

ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் திரும்பும் சாலையில், ஒரு மாலை, அக்கா அப்பாவின் தோளைத் தட்டினாள். வண்டி ஓட்டிக்கொண்டே அப்பா திரும்பிப் பார்த்தார். அக்கா தன் நெஞ்சில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிக் காட்டினாள். எங்கள் வீட்டில் அதற்குப் பாட்டு என்று பொருள். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து நாக்கை வெளியே தொங்கவிட்டாள். செத்துப்போச்சு. பின் இருக்கையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் காரில் பாட்டு பாடிக்கொண்டுதான் இருந்தது. “நல்லாத்தான பாடிக்கினு இருக்குது?” என்று அப்பா என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். காது கேட்கிற இரண்டு பேர் ஒரு பக்கம், பிறவியிலேயே காது கேளாத அக்கா ஒரு பக்கம். அன்றைக்கு யார் சொன்னது சரி என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிற இடம் ஒன்றில் வேலை செய்தாள். சாதுவானவள் என்று அவளைப் பற்றி யாராவது சொன்னால் நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். கேரம் ஆடும்போது கண்ணெதிரே காயை நகர்த்துவாள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அதற்குப் பிறகு நாம் என்ன சைகை செய்தும் பயனில்லை. வீட்டில் எல்லாருக்கும் அவள்தான் பெயர் வைத்தாள். மீசையை முறுக்கினால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. முன்பல் இரண்டையும் விரலால் தட்டினால் நான். என் பற்கள் அப்படியொன்றும் பெரியவை அல்ல என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன். காது கேட்கிற பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்து பத்தாவதுவரை படித்தவள் என்பதால், மற்ற காதுகேளாதோர் பேசுகிற கைமொழி அவளுக்குத் தெரியாது. எங்கள் நான்கு பேருக்கு மட்டுமேயான ஒரு மொழியைத்தான் அவள் பேசினாள். மற்றவர்களிடம் உதட்டைப் படிப்பாள். அதில் கெட்டிக்காரி.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முசரவாக்கத்தில் நிலமும், ஊருக்குள் உரக்கடையும் வைத்திருந்த அப்பா, சென்னையில் ஒரு கம்பெனி அதிகாரி ஓட்டிப் பழகிய பெரிய காரை வாங்கி வந்தார். அது வந்த நாளிலிருந்து முன் இருக்கை அக்காவுக்குத்தான். கதவின் கீழ்ப்பகுதியில், முழங்காலுக்குப் பக்கத்தில், வலை போட்ட பெரிய ஸ்பீக்கர் இருந்தது. அதன்மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் வருவாள். நாதஸ்வரத்துக்கு ஒரு முகம், தவிலுக்கு ஒரு முகம், பறையடிக்கு வேறொரு முகம். தவில் வரும் கேசட்டுகளை அட்டையின் நிறத்தை வைத்து எடுத்துப் போடுவாள். வண்டி எங்காவது நின்றால், கதவைத் தடவிக்கொண்டு சிரிக்கும் பெண்ணைச் சனங்கள் குனிந்து பார்ப்பார்கள். அம்மாவுக்கு அது பொறுக்காது. “கைய எடுக்கச் சொல்லுடி அவள” என்று பக்கத்திலிருந்து என் விலாவில் குத்துவாள்.

அக்கா செத்துப்போச்சு என்று சொன்ன சில நாட்களில் கார் ஸ்டீரியோ முற்றிலும் ஊமையாகிவிட்டது. விளக்கு எரிந்தது, கேசட் சுழன்றது, சத்தம் மட்டும் இல்லை. அப்பா அதைக் கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டித் தருகிற ஒருவரிடம் காட்டினார். செட் அண்ணன் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் முன்னால் இருந்த செட்டைத் தொடவே இல்லை. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு தகரப் பெட்டியைக் கழற்றி எடுத்தார். அந்த ஐப்பசி மழையில் கால்மிதிக்கு அடியில் தேங்கிய தண்ணீர் அதற்குள் புகுந்து, கருகிய வாடை அடித்தது. “செட்டு நல்லா இருக்குதுபா. அதுக்கு சக்தி குடுக்குற ஆம்ப்ளிபையர் இதுதான். இதுதான் பூடுச்சி. மொதல்ல கதவுல இருக்குற பெரிய ஸ்பீக்கரு போயிருக்கும், மேல இருக்குற சின்னது மட்டும் பாடியிருக்கும். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது மிச்சத்தைத்தான். பாட்டின் உடம்பு போய்விட்டதை அதைத் தொட்டுக்கொண்டிருந்தவள் மட்டுமே அறிந்திருந்தாள்.

அதே மாதிரிப் பெட்டி தனியாகக் கிடைக்காது, கம்பெனிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெளி ஆம்ப்ளிபையர் ஒன்றை வைத்து ஒயர்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் செட் அண்ணன். அன்று சாப்பிடும்போது அப்பா இதைப் பேச்சில் எடுத்தார். அக்காவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சொல்லியனுப்புகிறோம் என்று போய்விட்டிருந்தார்கள். அரக்கோணத்திலிருந்து அடுத்து ஒரு வரன் வருவதாக இருந்தது. அம்மாவின் மனம் முழுக்க அதில்தான். “காது கேக்காத பொண்ணுக்குப் பாட்டுப் பொட்டி இன்னாத்துக்கு? ஊரு சிரிக்கவா?” என்றாள். சொன்ன பிறகுதான் அக்கா எதிரே உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். அக்கா எழுந்து கை கழுவினாள். கைகளைத் துடைத்துவிட்டு இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

நாம் வாயை மூடிக்கொள்வதைப் போலத்தான் அது. அடுத்த சில நாட்கள் அவள் எங்கள் யாரிடமும் பேசவில்லை. காரில் ஏறினால் பின் இருக்கையில் என் பக்கத்தில், கைகளை அதேபோல் செருகிக்கொண்டு, வெளியே பார்த்தபடி வந்தாள். முன்னால் அந்த இருக்கை காலியாகவே இருந்தது. அம்மா இட்லிக்கு அவளுக்குப் பிடித்த காரச்சட்னி அரைத்து வைத்தாள். தின்றாளே தவிரக் கையை வெளியே எடுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மகளை ஊர் பார்த்துச் சிரித்துவிடுமோ என்ற பயத்திலேயே வாழ்ந்தவள் அவள். அந்தப் பயம்தான் அன்று வார்த்தையாக வந்து விழுந்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தார். முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா வந்து உட்காரும்வரை தெருவிலேயே நின்றார்.

செட் அண்ணனின் கடை மெயின் ரோட்டில் இருந்தது. பழைய பெட்டியில் செருகியிருந்த ஒயர்க் கற்றை அப்பா வாங்கிக் கொடுத்த வெளி ஆம்ப்ளிபையரில் பொருந்தவில்லை. எந்த ஒயர் எந்தக் கதவுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சின்ன பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்து இரண்டு ஒயர்களின் முனையில் தொட்டார். தொட்டால் ஏதாவது ஒரு ஸ்பீக்கர் டப் என்று ஒருமுறை துள்ளும். ஆனால் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஆரன் அடித்துக்கொண்டு போனதில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. “எந்தக் கதவுபா அது? யாராவது சொல்லுங்கோ!” என்று இருக்கைக்கு அடியிலிருந்து கத்தினார். அக்கா ஒரு கையை முன்கதவிலும் ஒரு கையைப் பின்கதவிலும் வைத்து நின்றாள். அவர் தொடத் தொட, துள்ளிய கதவைத் தட்டிக் காட்டினாள். பிறகு மறுபக்கம் போய் நின்றாள். ஒருமுறைகூட அவள் தயங்கவில்லை.

எல்லாம் முடிந்து பாட்டைப் போட்டபோது கடையே அதிர்ந்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். முன்கதவு இரண்டையும் காட்டி, ஒரு உள்ளங்கையை வெளியே தள்ளி, மறு கையை உள்ளே இழுத்தாள். ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கிறது என்று நான் மொழிபெயர்த்தேன். செட் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இதுக்கு மேல இன்னாமா வேணும்? காதுல நல்லாத்தான கேக்குது!” என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முணுமுணுத்தபடியே மறுபடி குனிந்து பார்த்தவர், ஒரு கதவுக்குப் போகும் பிளஸ், மைனஸ் ஒயர்கள் இரண்டும் இடம் மாறி, ஒரு ஸ்பீக்கரின் அதிர்வை இன்னொன்று அழித்துக்கொண்டிருந்ததைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். மாற்றிப் போட்டதும் தவிலோசை இருக்கையின் அடியிலிருந்தே எழுந்து வந்தது. அக்கா கண்களை மூடிக்கொண்டாள். “அடுத்த வண்டி வந்தா சொல்லியனுப்பறேன், நீ வாம்மா” என்றார் அவர், அவளுக்குப் புரியும்படி வாயை அகலமாகத் திறந்து.

அரக்கோணத்துக்காரர்கள் அடுத்த வாரமே வந்தார்கள். அச்சகத்தில் வேலை செய்யும் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, இரண்டே பேர். கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கும் காது கேளாது. சிறுவயதிலிருந்தே காதுகேளாதோர் பள்ளியில் படித்தவர் என்பதால் கைகள் காற்றைப்போல் பேசின. அக்காவுக்கு ஒன்றுமே புரியவில்லை. மூக்குத்தியும் முன்பல்லும் அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் வெட்கத்தோடு சிரித்துவிட்டுக் குளத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். “ரெண்டு பேருக்கும் கை பேச்சே ஒத்துப்போவலியேமா” என்று மாப்பிள்ளையின் அம்மா வருத்தத்தோடு சொன்னார். எங்கள் அம்மாவின் முகம் செத்துவிட்டது.

அவர்களை பஸ் ஸ்டாண்டில் விட அப்பா காரில் ஏற்றினார். மாப்பிள்ளை முன்னால். பின்னால் பெண்கள் நான்கு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதால் அக்காவின் முகம் வேறு கடுத்திருந்தது. பேசாமல் வருவதற்குக் கூச்சப்பட்டு அப்பா கேசட்டைத் தட்டிவிட்டார். மாப்பிள்ளை திடுக்கிட்டுக் காலை இழுத்தார். கதவைக் குனிந்து பார்த்தார். மெல்ல உள்ளங்கையை வைத்தார். பிறகு முழு உடம்போடு திரும்பி, எங்கள் யாரையும் பார்க்காமல், அக்காவை மட்டும் பார்த்தார். அக்கா நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் ஒரு கையை மடக்கி, அதன்மேல் மறு கையை அலைபோல் வீசிக் காட்டினார். அவருடைய கைமொழியில் பாட்டு என்றால் அதுதான். அக்கா அதேபோல் செய்து பார்த்தாள். அவர் விரல்களைத் திருத்தினார். அவள் மறுபடி செய்தாள். அவர் சரியென்று தலையாட்டியதும், அக்கா இரு இருக்கைகளுக்கும் நடுவே எட்டி, சத்தத்தை முழுவதும் கூட்டிவிட்டாள். எங்கள் அம்மா காதைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்து கத்தினாள்: “இவரு கார் வாங்குனா மொதல்ல அந்தப் பொட்டியத்தான்டி கேப்பாரு!” அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்படியே கல்யாணம் நடந்தது. அப்பா கடையை மூடியபோது அந்தக் கார் யார் கைக்கோ போயிற்று. இன்று அப்பாவும் இல்லை. காதுகேளாதவர்களுக்கும் இப்போது ஓட்டுநர் உரிமம் தருகிறார்கள். வாங்கிய முதல் ஆட்களில் அக்காவும் ஒருத்தி. சென்ற மாதம் அரக்கோணத்துக்குப் போயிருந்தபோது, என்னை ரயில் நிலையத்திலிருந்து அவளே அழைத்துப் போனாள். காது கேட்கிற அவள் மகள் பின்னால் என்னோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிகள் நடுங்க, பக்கத்து ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்க்க, பாட்டுச் சத்தத்தில் கார் அதிர்ந்துகொண்டு போயிற்று. பொறுத்துப் பார்த்த பெண், முன்னால் சாய்ந்து அம்மாவின் கண்ணுக்கு நேரே கையை நீட்டி, குறை குறை என்று சைகை காட்டினாள். வாயாலும் கத்தினாள். அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலால் தன் காதைத் தொட்டு, கேட்காது என்று கையை விரித்தாள். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.