டிக்கெட் எடுத்த இலைக்கட்டு

"இலைக்கட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

"இந்தாங்க தம்பி, சில்லறையாவே வச்சிருக்கேன்," என்றார் விக்டோரியா அக்கா.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கட்டுக்கான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அக்கா ஒரு காலி இருக்கையில் உட்காரப் போனார். "ஏம்மா, ஓசியில வாரவ நின்னுக்கிட்டு வந்தா என்ன? அடுத்த ஸ்டாப்புல டிக்கெட் எடுக்கவிய ஏறுவாவல்லா," என்றார் கண்டக்டர்.

அக்கா குனிந்து இலைக்கட்டைத் தூக்கி அந்த இருக்கையில் வைத்தார். "இது டிக்கெட் எடுத்திருக்கு தம்பி. இது உக்காரட்டும். நான் நின்னுக்கிடுதேன்."

பஸ்ஸே சிரித்தது. "ஜன்னலோரம் வைங்கக்கா, காத்து வாங்கிட்டு வரட்டும்," என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "இவ வாய்க்குத் தனியா டிக்கெட் போடணும்," என்று முணுமுணுத்தபடி கண்டக்டர் முன்னால் போனார்.

நானும் அன்று சிரித்தேன். மறுநாள் எங்கள் நிறுத்தத்தில் அந்த பஸ் நிற்கவில்லை.

ஸ்ரீவைகுண்டம் சாலையில் இருக்கிறது எங்கள் நிறுத்தம். விக்டோரியா அக்கா ஆற்றோரத் தோட்டங்களில் விடியலில் வாழையிலை அறுத்து, பாளையங்கோட்டையில் ஒரு மெஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். காலைப் பலகாரத்துக்கு முன்னால் இலை போய்ச் சேர வேண்டும். அதற்குத் தோதான டவுன் பஸ் அது ஒன்றுதான். மகள் பெனிஷாவின் நர்சிங் படிப்பு அந்த ஒரு மெஸ்ஸை நம்பி நடக்கிறது. நானும் அதே பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறேன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்த.

பெண்கள் மட்டும் நின்றால் பஸ் நிற்பதில்லை, ஆண் ஒருவர் நின்றால் நிற்கிறது என்பதை அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். அதனால் டீக்கடை பர்னபாஸ் அண்ணாச்சியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினோம். அண்ணாச்சி கையைத் தூக்குவார், பஸ் நிற்கும், நாங்கள் ஏறுவோம். "நான் வரலவே, அடுப்புல பால் கெடக்கு," என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குத் திரும்பிவிடுவார். சில நாள் இது நடந்தது. ஒரு நாள் அண்ணாச்சி கையைத் தூக்கியபோது டிரைவரும் பதிலுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு பஸ் நின்ற நாட்களிலும் வெகுதூரம் தள்ளிப் போய்த்தான் நின்றது. தலையில் கட்டோடு அக்கா ஓடுவார். ஓட்டத்தில் இலை கிழியும்.

மெஸ் நடத்தும் பாக்கியசீலன் கெட்டவர் இல்லை. "கிழிஞ்ச இலையில சாம்பார் ஊத்துனா சாப்புடுதவங்க மடியிலல்லா போவுது. இன்னொரு நாள் பிந்துனா நான் பேப்பர் இலைக்கு மாறிருவேன். கோவிச்சிக்கிடாதீங்க விக்டோரியா," என்று சொல்லிவிட்டார்.

வகுப்பில் நான் ஒரு பாடம் நடத்துவேன். ஒன்றின் விலையை எடுத்துவிட்டால் அதைக் கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். பொருள் கூடாவிட்டால், யாருக்குக் கிடைக்கும் என்பதை வேறு ஏதோ ஒன்று முடிவு செய்யும். ரேஷன் கடையில் வரிசை முடிவு செய்கிறது. எங்கள் நிறுத்தத்தில் டிரைவரின் மனம் முடிவு செய்கிறது. பணமாக வாங்காததை அக்காவிடம் நேரமாகவும் ஓட்டமாகவும் ஏச்சாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கொடுக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஓசி என்ற சொல்லும் பொய். பெண்கள் பயணத்துக்கான பணத்தை அரசாங்கம் ஈடுகட்டுகிறது. அது வரிப்பணம். அக்கா வாங்கும் சோப்பில் அந்த வரி இருக்கிறது, போன் ரீசார்ஜில் இருக்கிறது. பணக்காரர் அதே சோப்பை வாங்கினாலும் அதே வரிதான். நகரத்துக்குள் இருக்கும் ஈரடுக்குப் பாலத்தின்மேல் காரில் போகிறவரை நிறுத்தி, ஓசியில் போகிறாயே என்று யாராவது கேட்டதுண்டா? அந்தப் பாலமும் பொதுப்பணத்தில் கட்டியதுதான். அதற்குக் கொடுத்தவர்களில் அக்காவும் ஒருவர். கார்க்காரருக்குக் கிடைப்பது வசதி என்றும் இலைக்காரிக்குக் கிடைப்பது ஓசி என்றும் பெயர் வைத்தது யார்?

இதையெல்லாம் மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நான் வாய் திறந்து பேசியதே இல்லை.

பாக்கியசீலன் அப்படிச் சொன்னதற்கு மறுநாள், பஸ் மறுபடியும் நிற்காமல் போனது. அக்கா கட்டை இறக்கி வைத்துவிட்டு, அது வாடாமலிருக்க ஈரச் சாக்கை எடுத்து மூடினார். அந்த வழியாக வந்த பால் வண்டிக்குக் கைகாட்டி, கெஞ்சி இடம் பிடித்தார். ஏறுமுன் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒரு உதவி செய்வியளா? நாளைக்கு அவன் எங்க போய் நிறுத்துனாலும் நாம ரெண்டுபேரும் ஓடி ஏறிருவோம். ஏறுனதும் நீங்க அந்தக் கண்டக்டர இங்கிலீசுல ஏசணும். நான் தமிழ்ல கேட்டா வாய்க்காரின்னுட்டுப் போயிருதாவ. நீங்க இங்கிலீசுல கேட்டா, மேல எழுதிப் போட்டுருவாளோன்னு பயம் வரும். ஏசத் தெரியாட்டா கிளாஸ்ல நடத்துத பாடத்தையே சத்தமா சொல்லுங்க, அது போதும். என்ன சொன்னியன்னு மட்டும் எனக்குப் பெறவு சொல்லிருங்க. நானும் மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்."