வெள்ளிமலை பஸ்ஸின் ஹார்ன்

ஐம்பத்து மூன்று வயதில், முன்பல் கட்டிய வாயோடு, முகம் தெரியாத பையன்கள் என்னை 'ப்ரோ' என்று கூப்பிடுவதில் ஒரு சுகம் கண்டிருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றில் நம்மூர் பஸ்களைச் செய்து நுழைக்கிறவர்களின் குழு அது. அப்படி நுழைப்பதற்கு மோட் என்று பெயர். என் பங்குக்கு நான் கள்ளக்குறிச்சி - வெள்ளிமலை பஸ்ஸைச் செய்துகொண்டிருந்தேன்.

விளையாட்டைத் தயாரித்தவர்கள் குறையொன்றும் வைக்கவில்லை. ஆனால் அவர்கள் பஸ்ஸில் மூன்று மதத்துச் சாமிகளும் ஒரே படச்சட்டத்துக்குள் இல்லை. அதற்கு மாலையும் இல்லை. புது பைக்கை ஷோரூமிலிருந்து நேராக ஸ்டிக்கர் கடைக்கு ஓட்டுகிற ஜனங்கள் நாம். எவனோ செய்து கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டால் அது கடைசிவரை அவனுடையதாகவே இருந்துவிடுமோ என்று நமக்கு ஒரு பயம். ரசிகர்கள் கூலியில்லாமல் மோட் செய்வது அதனால்தான் என்பது என் தத்துவம். என் மனைவியின் தத்துவம் இன்னும் சுருக்கம்: "வேற வேலை இல்ல."

அவளுடைய வருத்தம் வேறு. வெள்ளிமலையில் டீச்சராக இருக்கும் அவள் அக்கா புது வீடு கட்டி, சர்ச் சாமியாரை வைத்து மந்திரித்துக் குடிபோனபோது நாங்கள் போகவில்லை. அந்த வாரம் நான் அதே மலைக்குத் திரையில் சாலை போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள்.

மோட் வெளியானது. 'எல்லாம் ஓகே ப்ரோ, ஹார்ன்தான் லாரி மாதிரி இருக்கு' என்று ஒருவன் எழுதினான். அடுத்த ஞாயிறு மதியம், "கிளம்பு, அக்கா வூட்டுக்குப் போலாம்" என்றேன். அவள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு சந்தேகமே இல்லாமல் வந்தாள்.

டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து செல்போனை நீட்டிப் பிடித்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியும் ஹார்ன் வரவில்லை. வளைவுதோறும் கண்டக்டர் படியில் தொங்கி விசில் அடித்தார். பிறகு என்னிடம் குனிந்து, "ஏர் ஹார்னெல்லாம் கழட்டியாச்சு சார். நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸுங்களா?" என்றார். சாமை மூட்டையோடு பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வெள்ளிமலையில் இறங்கி டிரைவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"கேமுக்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க. அடிக்காம வந்ததுல எனக்குக் கையே மரத்துப்போச்சு. ஏறுங்க, இப்பத் திரும்பறோம்."

மனைவி போனில் சொல்லியிருப்பாள் போல, அக்கா ஸ்டாப்புக்கே வந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

"நீ போய்க்கினு இரு. அடுத்த பஸ்ல வந்துடறேன்" என்று ஆப்பிள் பையை மனைவி கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

மலை இறங்கும்வரை டிரைவர் மனசார அடித்தார். கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது மேலே போகும் கடைசி பஸ் போயிருந்தது.

புது ஹார்னுக்குக் குழுவில் ஒரே பாராட்டு. இரண்டு நாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்த மனைவியைத் திரை முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஹார்ன் அடித்து வெள்ளிமலைவரை ஓட்டிக் காட்டினேன். ஸ்டாப்பில் நிறுத்தி, கதவைத் திறந்து மூடி, பஸ்ஸைத் திருப்பினேன். அவள் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தாள்.

"இதுலயும் எறங்காமத்தான் திரும்பறீங்க" என்றாள்.