அம்மாவின் கூறையை வெட்டியவள்

மறதி முற்றிய பிறகு அம்மாவின் கைகள் சும்மா இருக்கவில்லை. அலுமாரியிலுள்ள சேலைகளை இழுத்துப் போடுவார், மடிப்பார், திரும்பவும் இழுத்துப் போடுவார். உடுத்திருக்கும் சட்டையின் ஓரத்தை நூல் பிரியும்வரை பிய்ப்பார். தடவிப் பார்க்கப் பல விதமான துணி கொடுத்தால் அமைதியாக இருக்கலாம் என்று கண்டியில் அவரைப் பார்த்த வைத்தியர் சொன்னார். அந்தச் சேலைகளையே வெட்டி ஒட்டுப்போர்வை ஒன்று தைக்கத் தொடங்கினேன்.

கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன்னறையில், வேலையிலிருந்து வந்ததும் ஊசியோடு உட்காருவேன். உள்ளங்கை அகலச் சதுரங்கள். பருத்திக்குப் பக்கத்தில் பட்டு, அதற்குப் பக்கத்தில் நைலெக்ஸ். துண்டுகள் சேரும் மூட்டுகளின்மேல் சங்கிலித்தையல் ஓட்டினேன். விரலில் தட்டுப்படட்டும் என்று சதுரங்களில் முடிச்சுத்தையலால் சின்னப் பூக்கள் போட்டேன். நடுவில் வைக்க அழகான பட்டு வேண்டியிருந்தது. அலுமாரியின் அடித்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த அம்மாவின் கல்யாணக் கூறையை எடுத்தேன். சரிகை கறுத்து, மடிப்புகளில் பட்டு வெடித்திருந்தது. கத்தரிக்கோலை வைத்தபோது கை ஒரு கணம் நின்றது. பிறகு வெட்டினேன்.

உண்மையைச் சொன்னால், தினமும் அந்தச் சேலைகளை மடித்து வைத்து எனக்குச் சலித்துப் போயிருந்தது. வெட்டிவிட்டால் அந்த வேலை முடியும் என்றும் நினைத்தேன்.

முடித்து அம்மாவின் மடியில் விரித்த அன்று மழை. துண்டு துண்டாகத் தடவிக்கொண்டே போனவரின் கை நடுவில் நின்றது.

"இது என்ர கூறை."

பெற்ற மகளையே மாதக்கணக்காக அடையாளம் தெரியாதவர் சொன்னார். எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

"ஓம் அம்மா, உங்கட கூறைதான்."

"ஆர் வெட்டினது?"

போர்வையைத் தள்ளிவிட்டு வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் என் கையைப் பிடித்து அருகே இழுத்து, மெல்லச் சொன்னார்:

"தங்கச்சி, இந்த வீட்டில ஒரு பொம்பிளை இருக்கிறா. அவதான் வெட்டினவ. என்ர மகள் வந்தா மறக்காமச் சொல்லுங்கோ. அவள் கேப்பாள்."

"ஓம், சொல்லுறன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, நடுவிலிருந்த கூறைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு பூவைப் பிரிக்கையில் பட்டும் சேர்ந்து கிழிந்தது. மிஞ்சியவற்றை அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். போர்வையை அதன்பின் அவர் தொடவில்லை. நடுவில் ஓட்டையோடு முன்னறைக் கதிரையில் கிடக்கிறது.

சில காலைகளில் என்னைக் கண்டதும் அந்தத் துண்டுகளை நெஞ்சோடு ஒளித்துக்கொள்கிறார். மற்ற நாட்களில், மகள் வந்துவிட்டாளா என்று என்னிடமே கேட்கிறார். "நான்தான் அம்மா, வந்திட்டன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"நீங்கள் நல்ல பிள்ளை," என்றார். "ஆனா அவளில்லை."