அப்பா அடுக்கிய ஜீப்பின் குறைகள்

இன்று எங்கள் ஜீப்பை விற்றுவிட்டோம்.

எண்ணூர் மணலில் எத்தனையோ படகுகளைக் கரைக்கு இழுத்த வண்டி. உப்புக்காற்றில் அடித்தகடு துருப்பிடித்துவிட்டது. பக்கவாதம் வந்தபின் அப்பாவின் இடது காலுக்குக் கிளட்ச் மிதிக்கும் வலு இல்லை. விற்கச் சம்மதித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வாங்க வந்தவர் விம்கோ நகர்க்காரர். பழைய ஜீப்புகளைப் புதுப்பிப்பவர். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே அப்பா ஆரம்பித்தார்.

"கீழ ஃபுல்லா துரு. மழையில ஸ்டார்ட் ஆவாது. கியர் பாக்ஸ் வேற பேஜாரு பண்ணுது. இன்னாத்துக்கு நைனா உனுக்கு இது?"

ஆளை விரட்டப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வந்தவரோ சிரித்தார்.

"இவ்ளோ உண்மைய யாரு பெரியவரே சொல்றாங்க? நானே எட்துக்கறேன்."

அரை மணியில் ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி துடைக்கும் துணியோடு அப்பா வாசலிலேயே நின்றார்.

"கியர் பாக்ஸ் நல்லா கீதும்மா. பொய் சொல்ட்டேன். போன் பண்ணி சொல்லிடு, சும்மா பிரிச்சிடப் போறாரு."

விற்று முடித்தபிறகு வண்டியின் பெருமையைப் பேசப் போன் செய்யும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எப்படி ஆரம்பிக்கட்டும், சொல்லுங்கள்.