வஜீஹாவின் பெயரில் ஒரு பாட்டு

தி. நகரில் உள்ள அந்தப் பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், படிக்கட்டுக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக எக்ஸ்சேஞ்ச் கவுண்டர் இருக்கிறது. புடவை எடுக்க வருகிறவர்கள் கண்ணில் அது படாது. படக் கூடாது என்றுதான் அங்கே வைத்திருக்கிறார்கள். சாயம் போனது, இழை விட்டது, மாமியாருக்குப் பிடிக்காதது என்று திரும்பி வருகிற துணியெல்லாம் வஜீஹாவிடம் வந்து சேரும். துணியோடு வருகிற கோபமும் அவளுக்குத்தான். கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கடையில் சேர்ந்தவள். இப்போது மகள் சிம்ரா காலேஜ் படிக்கிறாள். நடுவில் போன வருஷங்களில் அவள் எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பாள் என்று யோசித்தால் நமக்குத்தான் மூச்சு வாங்கும். அவளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போகும்போது அதைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில். கணவர் ஆசிஃப் ராயப்பேட்டையில் கார் சீட்டுக்கு ரெக்ஸின் உறை தைக்கிற கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர்.

இதற்கு நடுவில் வஜீஹா பாடிக்கொண்டும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில், முகூர்த்த நாட்களில், ஒரு லைட் மியூசிக் குழுவில் கோரஸ். மேடையில் அறிவிப்பாளர் பாடகர் பெயரைச் சொல்வார், பாடகி பெயரைச் சொல்வார், கீபோர்டு, தபேலா, டிரம்ஸ் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் கைதட்டல் வாங்கித் தருவார். கடைசியில் "மற்றும் குழுவினர்" என்பார். அதற்குள் கூட்டத்தில் பாதி சாப்பிடப் பந்திக்குப் போயிருக்கும். அந்தக் குழுவினர்தான் வஜீஹா. பதினாலு வருஷம் அப்படி நின்றாள். குழு கலைந்தபோது அவளுக்கு வருத்தம் என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஆசை மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டு. அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர். அது தன் பெயராக இருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

பாட்டு அவளிடமே இருந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் அவளுடைய கவுண்டருக்கும் ஒரு நாற்காலி வந்தது. நாற்காலி வந்ததே தவிர, உட்கார நேரம் வரவில்லை. அதைப் பற்றி மனசுக்குள் ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தாள்:

நாலு காலு அதுக்கு, ரெண்டு காலு எனக்கு,
ஆறு காலும் நிக்குது, உக்காரத்தான் யாரு?

பழைய குழுவில் கீபோர்டு வாசித்த சாய்நாத் இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறான். அடுக்குமாடி வீட்டின் ஒரு அறையில் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டுப் பிழைக்கிறான். வஜீஹாவைவிடச் சின்னவன். பாட்டைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உடனே பதிவு செய்யலாம் என்றான். வாத்தியம் எதுவும் வேண்டாம், ஃபோனில் இருக்கிற தம்பூரா ஆப்பைச் சுருதிக்குப் போட்டுக்கொண்டால் போதும் என்று முடிவானது. ஒரு ஞாயிறு மத்தியானத்தில் வேலை முடிந்தது.

பாட்டைப் பதிந்துவிட்டால் மட்டும் போதாது என்பது வஜீஹாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாட்டுக் கேட்கிற ஆப்களில் நாமே நேராகக் கொண்டுபோய்ப் போட முடியாது. நடுவில் ஒரு கம்பெனி வேண்டும். நம்மிடம் பாட்டை வாங்கி, எல்லா ஆப்களுக்கும் விநியோகம் செய்கிற கம்பெனி. அப்படி ஊரில் ஏகப்பட்டது இருக்கிறது.

"எல்லாம் ஒண்ணுதான்க்கா. ஏதாவது ஒண்ணுல போட்ருவோம்," என்றான் சாய்நாத்.

"ஒண்ணு இல்ல சாய். விக்கிறப்போ எல்லாக் கடைக்காரனும் சிரிச்சிக்கினுதான் இருப்பான். திருப்பிக் குடுக்கப் போறப்போ இன்னா மூஞ்சி காட்றான், அத்தப் பாக்கணும்."

மற்றவர்கள் இந்தக் கம்பெனிகளை எப்படி எடை போடுகிறார்களோ தெரியாது. வஜீஹா தனக்குத் தெரிந்த வழியில் போட்டாள். பொறுக்கி எடுத்த மூன்று கம்பெனிகளுக்கும் ஒரு புகார் எழுதினாள். என் பாட்டு வேறு யாருடைய பெயரிலோ வருகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்? இங்கிலீஷைச் சிம்ரா திருத்திக் கொடுத்தாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிஃபுக்கே வாய் திறக்க வேண்டியதாகிவிட்டது.

"பாட்டையே இன்னும் குடுக்கல. அதுக்குள்ள இன்னா கம்ப்ளெயிண்ட்டு?"

"குடுத்தப்புறம் பண்ணா லேட்டுங்க."

முதல் கம்பெனி கண் மூடித் திறப்பதற்குள் பதில் போட்டது. உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று தொடங்கி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை வரிசையாகக் கொடுத்திருந்தது. வஜீஹா கேட்டதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. இரண்டாவது கம்பெனி பதிலே போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் விளம்பரம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது கம்பெனியிலிருந்து மறுநாள் சின்னதாக ஒரு மெயில் வந்தது. எந்தப் பாட்டு, எந்த ஆப்பில் தவறாக வருகிறது என்று கேட்டு, கீழே மார்த்தா என்று ஒரு பெயர். எந்த ஊர்ப் பெண்ணோ.

வஜீஹாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டே இல்லையே. பொய்யை நீட்டிக்கொண்டு போக மனசு வராமல், பாட்டு இன்னும் வெளிவரவில்லை, உங்களைச் சோதித்துப் பார்த்தேன், மன்னிக்கவும் என்று எழுதினாள். வெளிவந்ததும் சொல்லுங்கள், கேட்கிறேன் என்று மார்த்தா பதில் போட்டாள். அந்தக் கம்பெனிதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. கவுண்டரில் நின்று அவள் கற்றுக்கொண்டது அது. வேலை செய்கிறவர்கள் சமாதானம் சொல்ல மாட்டார்கள், எதிர்க் கேள்விதான் கேட்பார்கள்.

பாட்டு வெள்ளிக்கிழமை வெளியானது. தலைப்பு 'ஆறு காலு'. அதன் கீழே வஜீஹா. அவ்வளவுதான், முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பாட்டைக்கூடக் கேட்கவில்லை, பெயரைத்தான் பார்த்தாள்.

கடையில் செய்தி பரவிவிட்டது. மாடிக்குப் பொறுப்பான வெள்ளைத்துரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் கவுண்டர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வஜீஹாம்மா, நம்ம நாற்காலியப் பத்தித்தான் பாடியிருக்கியளா? மேனேஜர் கேட்டா என்ன சொல்லுவிய?"

"வேற கடை நாற்காலின்னு சொல்லிடறேன் அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் டீ நேரத்தில் தன் ஃபோனிலேயே போட்டு, பட்டுப் பிரிவுப் பெண்களுக்கெல்லாம் கேட்க வைத்தார். அவர்களும் நின்றுகொண்டேதான் கேட்டார்கள்.

அடுத்த வாரம் பாட்டைக் காணோம். சிம்ராதான் முதலில் கவனித்தாள். எந்த ஆப்பில் தேடினாலும் இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. உங்கள் பாடல் வேறொருவருடைய ஒலிப்பதிவோடு பொருந்துகிறது, அவர் உரிமை கோரியிருக்கிறார், அதனால் நீக்கியிருக்கிறோம். வஜீஹா அதைச் சிம்ராவிடம் மறுபடி படிக்கச் சொன்னாள். நாற்காலியைப் பற்றி உலகத்தில் வேறு யார் பாடியிருக்க முடியும்?

சாய்நாத் உட்கார்ந்து தோண்டிப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தான். உரிமை கோரியவர் எங்கோ வெளிநாட்டில், தூக்கம் வராதவர்களுக்காக எட்டு மணி நேரம் ஒரே மாதிரி ஓடுகிற சத்தங்களை விற்கிறவர். அதில் ஒன்று தம்பூரா. அவரும் அதே ஆப்பின் சத்தத்தைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார், முன்னாலேயே தன் பெயரில் பதிந்தும் வைத்துவிட்டார். வஜீஹாவின் குரலுக்குப் பின்னால் அதே தம்பூரா ஓடியதும், பாட்டைப் பரிசோதிக்கிற எந்திரம் இது அவருடைய சரக்கு என்று தீர்மானித்துவிட்டது. குரல், வரி, மெட்டு எதுவும் அதன் கணக்கில் வரவில்லை. ஊரைத் தூங்கவைக்கிறவரால் வஜீஹாவின் தூக்கம் போனது.

நிஜமான புகாரை இப்போது எழுதினாள். மார்த்தாதான் பதில் போட்டாள். உங்கள் சிரமம் புரிகிறது, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

வஜீஹா அதை ஒரு தடவை படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த வாக்கியம் அவளுடையது. "மேல சொல்லியிருக்கேம்மா" என்று நாள் முழுக்க அவள் சொல்லிக்கொண்டிருப்பது வேறென்ன? மேலே இருப்பது மூன்றாவது மாடி. அங்கே ஆண்கள் சட்டை விற்கிறார்கள். மார்த்தாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பாட்டு போனது போனதுதானோ?

சில நாட்கள் கழித்து சம்பந்தப்பட்ட பிரிவே ஒரு யோசனை அனுப்பியது. உரிமை கோரியவருடைய பெயரையும் பாட்டின் கீழே சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தால் பாட்டு உடனே திரும்ப வந்துவிடும். ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.

"அமுக்கிடுங்கக்கா," என்றான் சாய்நாத். "வஜீஹா மற்றும் ஒரு வெள்ளக்காரன். பாக்க ஜம்முன்னுதான் இருக்கும்."

"வேணாம்."

"பாட்டு மறுபடி வந்தாப் போதும்ல?"

"வந்தாப் போதும்னா என் கொரலு பதினாலு வருஷமா வந்துக்கினுதான சாய் இருந்துது?"

எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் நிற்கிறவளுக்கு இது தெரியாதா? கேட்டது கிடைக்காமல், சரி போகட்டும் என்று கையில் கிடைத்த வேறு எதையோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அந்தத் துணியை ஒருநாளும் கட்ட மாட்டார்கள். வஜீஹா பட்டனை அமுக்கவில்லை. அந்தப் பெயரோடு என் பாட்டு வேண்டாம், இல்லாமலே இருக்கட்டும் என்று எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு அழுகை வந்தது. சமையல் வேலை பாக்கி இருந்தது, அதனால் சீக்கிரமே நின்றும் விட்டது.

மறுநாள் மார்த்தாவிடமிருந்து ஒரு மெயில். இந்த முறை சிரமம் புரிகிறது என்ற வாக்கியமெல்லாம் இல்லை. பின்னால் எதுவும் ஓடாமல், குரல் மட்டும் வைத்துப் பாடியது உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் புதுப் பாட்டாகவே போடலாம், பெயர் உங்களுடையது மட்டும் இருக்கும்.

"அப்போ கம்பெனி நல்ல கம்பெனியா, இல்லையாக்கா? எங்க ஃப்ரெண்ட்ஸ்லாம் கேக்கறாங்க," என்றான் சாய்நாத்.

"கம்பெனிய வுடு. அந்தப் பொண்ணு நல்லவ."

மறுபடி அந்தப் பஞ்சுப் பலகை அறை. கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடிக்கட்டுமா என்று அவன் கேட்டான். எந்தப் பெட்டிச் சத்தமும் வேண்டாம், நாளைக்கு அதற்கும் ஒருத்தன் வருவான் என்று மறுத்துவிட்டாள். அவன் கையைக் காட்டினான். வஜீஹா தொடங்கவில்லை. யாராவது முதலில் எடுப்பார்கள், நாம் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்து பழகிய தொண்டை. எடுக்க வேண்டியது தான்தான் என்று அதற்கு உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு பாடினாள். சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல், பக்கத்தில் ஆளும் இல்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரை தனியாகப் பாடினாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றிய சாய்நாத், முன்னதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்றான். கடைசிச் சரணத்தில் லேசாகச் சுருதி இறங்கியிருந்தது அவளுக்குத் தெரிந்தது. சொன்னாள்.

"யாருக்கும் தெரியாதுக்கா. வேணும்னா கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடறேன்."

இன்னும் நாலைந்து தடவை பாடிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சுருதி சரியாக நின்றபோது பாட்டு விறைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் சரி செய்ததையும் கேட்டாள். குரல் யாருடையதோ போலிருந்தது. கடைசியில் அன்றைக்கு முதலில் பாடிய பதிவே போகட்டும் என்று சொல்லிவிட்டு, நிம்மதி இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை அது வெளியானது. எந்த எந்திரமும் எதுவும் சொல்லவில்லை. கீழே அவள் பெயர் மட்டும் இருந்தது. சந்தோஷத்தைவிட உறுத்தல்தான் அதிகமாக இருந்தது. கேட்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

ஒருவர் கண்டுபிடித்தும் விட்டார். பாட்டு வீடியோ ஆப்பிலும் வந்திருந்தது. அதன் கீழே முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார். மாம்பலமோ மதுரையோ, தெரியவில்லை. வஜீஹா அதைப் பார்த்தபோது ஆசிஃபுக்குச் சாப்பாடு கொடுக்க அவருடைய கடைக்கு வந்திருந்தாள். ஃபோனை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மாறியது.

"யார்றா இவன், நொட்டம் சொல்லிக்கினு? இத்த எடுக்கச் சொல்லி கம்ப்ளெயிண்ட் குடுத்துடலாமா?"

"வேணாங்க. யாரைச் சொல்லியிருக்கான் பாருங்க."

"உன்னியத்தான்."

"எங்க குழுவுல சுருதி எறங்குனா மாஸ்டர் எங்க எல்லாரையும் சேர்த்துத்தாங்க மொறைப்பாரு," என்றாள் வஜீஹா. "யாரு எறக்குனான்னு அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இன்னொரு வாட்டி படிங்க. சத்தமா."

ஆசிஃப் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"வரிகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் கடைசிச் சரணத்தில் வஜீஹா சுருதியை விட்டு இறங்கிவிடுகிறார். அடுத்த பாட்டில் வஜீஹா இதைக் கவனிக்க வேண்டும்."

"எம் பேர ரெண்டு தபா சொல்லியிருக்கான்," என்றாள் அவள்.